கரையில் ஒரு கண் வேண்டும்

ஒசூரின் விடியற்காலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. நான் கல்லூரி ஆசிரியராகப் பணியில் சேர்ந்த நாளில், இருள் பிரியுமுன் மிதிவண்டியில் செல்பவர் ஒருவரைக் கண்டால் அவர் பால்காரராக இருப்பார். இல்லையேல் முதல் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளியாக இருப்பார். இன்று தலைக்கவசமும் இறுக்கமான விளையாட்டு உடையும் அணிந்து, ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கு வாங்கிய மிதிவண்டியில், கிருஷ்ணகிரி நோக்கியும் தேன்கனிக்கோட்டை நோக்கியும் குழுக்குழுவாகச் செல்வோரைக் காண்கிறோம். சிப்காட் ஆலைகளில் பணியாற்றும் பொறியாளர்களும், சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்களுக்குச் சென்று திரும்புவோரும் இவர்களில் பலர். நாற்காலியில் அமர்ந்தே நாளைக் கழிக்கும் ஒரு தலைமுறைக்கு உடல்நலத்தின் மீது ஏற்பட்டுள்ள இந்த அக்கறை வரவேற்கத்தக்கது.

இவர்களில் சிலர் அடுத்த படியாக 'டிரையத்லான்' என்னும் போட்டிக்குத் தயாராகின்றனர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டி இது. 1974-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தொடங்கி, 1978-இல் ஹவாய்த் தீவில் 'அயர்ன்மேன்' என்ற கடுமையான வடிவத்தைப் பெற்று, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. ஒலிம்பிக் அளவு என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம். 'அயர்ன்மேன் 70.3' என்ற போட்டியில் நீச்சல் மட்டும் 1.9 கி.மீ. இந்தப் போட்டி 2018-இல் கொழும்பிலும் 2019-இல் கோவாவிலும் நடைபெற்ற பிறகு, நம் பக்கத்து இளைஞர்களுக்கு அது எட்டிப் பிடிக்கக்கூடிய கனவாகிவிட்டது.

இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. ஓடுவதற்குச் சாலை போதும். மிதிவண்டிக்கும் அதே சாலை போதும். நீச்சலுக்கு என்ன செய்வது? நம் ஊர்களில் நீச்சல் குளங்கள் மிகக் குறைவு. இருப்பவையும் 25 மீட்டர் நீளத்தைத் தாண்டுவது அரிது. போட்டியோ கடலிலும் ஏரியிலும் நடக்கிறது. எனவே, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஏதேனும் ஓர் ஏரியையோ குவாரிக் குட்டையையோ தேடிச் செல்லும் வழக்கம் பரவி வருகிறது. அந்த வழக்கத்தில் நானும் ஒருமுறை பங்கு கொண்டேன். அதனால் நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர், இப்போது முப்பத்தெட்டு வயது, தொழிற்சாலை ஒன்றில் மேலாளர். இரண்டு குழந்தைகளின் தந்தை. நீச்சல் குளத்தில் ஓராண்டு பயிற்சி பெற்று, ஒரு கிலோமீட்டர் தூரத்தை நிற்காமல் நீந்தும் அளவுக்குத் தேறியிருந்தார். 'சார், நீங்கள் கிணற்றிலேயே நீந்திப் பழகியவர். ஒருநாள் ஏரிக்கு என்னுடன் வர முடியுமா?' என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக் கிணற்றில் குதித்த நாள்களை அவருக்குக் கதையாகச் சொன்னேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஏரி ஒன்றுக்கு இருவரும் சென்றோம். மிதவை இல்லை, கயிறு இல்லை, படகு இல்லை. அவர் நீந்துவார், நான் கரையில் நின்று பார்ப்பேன் என்பதே எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு.

அறுபது எழுபது மீட்டர் வரை நன்றாகச் சென்றார். பிறகு நின்றார். உடல் நீரில் செங்குத்தாக இருந்தது. தலை சற்றுப் பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்துக்கு இணையாக இருந்தது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருந்தன. அவர் கூச்சலிடவில்லை, கையசைக்கவில்லை. களைப்பாறுகிறார் என்று நினைத்து நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்நேரம் சற்றுத் தள்ளி வலையை எடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தம் பரிசலை வேகமாகத் திருப்பி அவரை நோக்கிச் செலுத்தினார். மாணவரின் கையைப் பற்றிப் பரிசலின் விளிம்பைப் பிடிக்கச் செய்தபோதுதான் நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது.

கரைக்கு வந்தபின் நான் நன்றி சொல்ல வாய் திறந்தேன். அந்த மீனவர், 'கூப்புடுறவன் எப்படியும் பொழைச்சுக்குவான் சார். கூப்புடாம நிக்கிறான் பாருங்க, அவனைத்தான் கண்ணு வெச்சுப் பாக்கணும்' என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இடர் பற்றியும் நிகழ்தகவு பற்றியும் பாடம் நடத்திய எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அவர் ஒரே வாக்கியத்தில் பாடம் நடத்தினார்.

அவர் சொன்னது அறிவியலும் ஏற்றுக்கொண்ட உண்மை. அமெரிக்காவில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா, நீரில் மூழ்குவோரின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்து இதையே கண்டறிந்தார். திரைப்படங்களில் காட்டுவதுபோல் மூழ்குபவர் 'காப்பாற்றுங்கள்' என்று அலறுவதில்லை. மூச்சுவிடவே வாய்ப்பில்லாதவருக்குப் பேச வாய்ப்பேது? கையசைக்கவும் இயலாது, ஏனெனில் கைகள் நீரை அழுத்தி வாயை மேலே நிறுத்தப் போராடிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் ஒருவர் சில பத்து விநாடிகளே தாக்குப்பிடிக்க முடியும். கரையில் நிற்பவருக்கு இது தெரியாவிட்டால், அவர் நிற்பதும் நிற்காததும் ஒன்றே.

என் மாணவருக்கு நேர்ந்தது விதிவிலக்கா? அல்ல. டிரையத்லான் போட்டிகளில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், வாகனங்களுக்கிடையே மிதிவண்டி ஓட்டுவதில் என்றே பெரும்பாலோர் சொல்வர். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடைபெற்ற போட்டிகளை ஆராய்ந்து 2017-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு வேறு செய்தி சொல்கிறது. அக்காலத்தில் போட்டியின்போது இறந்தவர்களும் இதயம் நின்று மீட்கப்பட்டவர்களுமாக 135 பேர் கணக்கிடப்பட்டனர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சல் கட்டத்தில். மூன்று கட்டங்களில் மிகக் குறைந்த நேரம் பிடிப்பது நீச்சல்தான் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டோரின் சராசரி வயது ஏறக்குறைய 47. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு என்பதே இடரின் அளவு. ஆனால், 60 வயதைக் கடந்த ஆண்களில் அது ஒரு லட்சத்துக்கு 18-ஐத் தாண்டியது. என் வயதொத்தவர்கள் இந்த எண்ணை இருமுறை படிப்பது நல்லது.

உடற்கூறாய்வு அறிக்கை கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு, அதுவரை கவனிக்கப்படாத இதய நோய் இருந்தது தெரியவந்தது. அதாவது, 'நான் நலமாக இருக்கிறேன்' என்று நம்பியே அவர்கள் நீரில் இறங்கினர். என் மாணவரையும் அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. அதுதான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால், தெரிந்துகொள்ளாமல் இறங்கியது தவறு என்று சொன்னார்.

நீர் உடலை எப்படி மாற்றுகிறது என்பதை அறிந்தால் இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும். நீரில் மூழ்கியவுடன் கை கால்களில் உள்ள ரத்தம் நீரின் அழுத்தத்தால் மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. முகத்தில் நீர் பட்டு மூச்சை அடக்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கச் சொல்லும் ஓர் அனிச்சைச் செயல் தூண்டப்படுகிறது. குளிர்ச்சியும் அச்சமும் அதே வேளையில் துடிப்பைக் கூட்டச் சொல்கின்றன. ஒரே வண்டியில் முடுக்கியையும் பிரேக்கையும் ஒருசேர மிதிப்பது போன்றது இது. பலமான இதயம் தாங்கிக்கொள்ளும். குறையுள்ள இதயம் தடுமாறும். சிலருக்கு நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. காரணமற்ற இருமல், மூச்சுத்திணறல், இளஞ்சிவப்பான நுரை கலந்த சளி ஆகியவை அதன் அறிகுறிகள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதன் வாய்ப்பு கூடுதல். இந்த அறிகுறி தோன்றினால் 'இன்னும் கொஞ்சம் தூரம்தானே' என்று எண்ணாமல் உடனே வெளியேற வேண்டும்.

குளிர்ந்த நீர் மட்டும் ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2010-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடைபெற்ற 10 கி.மீ. கடல் நீச்சல் போட்டியில், அமெரிக்காவின் முன்னணி வீரர் ஃபிரான் கிரிப்பன் 26 வயதில் உயிரிழந்தார். அன்று கடல்நீர் மிகுந்த வெப்பமாக இருந்தது. போட்டி முடியும் தறுவாயில் அவர் மூழ்கியதை யாரும் கவனிக்கவில்லை. உடன் நீந்திய வீரர்கள் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் வரவில்லை என்பது தெரிந்தது. அதன்பிறகே நீரின் வெப்பநிலைக்கு 31 டிகிரி செல்சியஸ் என்ற மேல்வரம்பை உலக நீச்சல் அமைப்பு விதித்தது. உலகத்தரம் வாய்ந்த வீரருக்கே இந்த நிலை என்றால், கோடைக்கால நண்பகலில் நம் ஏரியில் இறங்கும் தொடக்கநிலையாளர் எம்மாத்திரம்?

மேலைநாட்டுக் காணொலிகளைப் பார்த்துப் பயிற்சி பெறுவோர் மற்றொன்றையும் மறந்துவிடுகின்றனர். அங்கு குளிர்ந்த நீரில் நீந்துவோர் ரப்பர் போன்ற தடித்த உடை அணிகின்றனர். அந்த உடை குளிரைத் தடுப்பதோடு உடலை மிதக்கவும் வைக்கிறது. நம்முடைய வெதுவெதுப்பான நீரில் அந்த உடைக்கு இடமில்லை. எனவே அந்த மிதப்பும் நமக்குக் கிடையாது. நம்மைத் தாங்குவது நம் மூச்சு மட்டுமே.

குளத்தில் நீந்துவதும் ஏரியில் நீந்துவதும் ஒரே திறன் அல்ல. குளத்தில் தரை தெரிகிறது. நேராகச் செல்லக் கோடு வரையப்பட்டிருக்கிறது. 25 மீட்டருக்கு ஒருமுறை பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. நாம் அறியாமலேயே அந்தச் சுவரில் ஓய்வெடுத்துத்தான் ஒரு கிலோமீட்டரை முடிக்கிறோம். ஏரியில் கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டு. திசை தெரிய வேண்டுமானால் அவ்வப்போது தலையை உயர்த்தி முன்னால் பார்க்க வேண்டும். அது தனிப் பயிற்சி. காற்று எழுப்பும் சிற்றலை, மூச்சிழுக்கும் நேரத்தில் வாயில் நீரை அள்ளி வீசும். கால் எதிலோ படும். அது தாமரைக் கொடியாகவும் இருக்கலாம், கைவிடப்பட்ட வலையாகவும் இருக்கலாம். அச்சம் வருகிறது, மூச்சு வேகமாகிறது, மூச்சு வேகமானதும் அச்சம் கூடுகிறது. இந்தச் சுழலில்தான் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் சிக்குகின்றனர்.

இனி நம் மாவட்டத்து நீர்நிலைகளைப் பார்ப்போம். கருங்கல்லுக்குப் பெயர்பெற்றது கிருஷ்ணகிரி. வெட்டிக் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீர் பார்ப்பதற்குத் தெளிவாக, அழைப்பது போலவே இருக்கும். ஆனால், அதன் ஓரங்கள் செங்குத்தானவை. கால் ஊன்றிக் கரையேற இடமிராது. மேல்நீர் வெதுவெதுப்பாகவும் சில அடிகளுக்குக் கீழே சில்லென்றும் இருக்கும். ஏரிகளில் வேறு வகை ஆபத்து. ஏரித் தரை சமமாகச் சரிந்து செல்லும் என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது. வண்டல் மண் எடுத்த இடங்களில் இடுப்பளவு நீரிலிருந்து ஓரடி வைத்தால் இரண்டு ஆள் ஆழம் வந்துவிடுகிறது. மதகை ஒட்டிய பகுதியில் நீரின் இழுப்பு மேலே தெரிவதில்லை.

தென்பெண்ணை ஆற்றின் இயல்பும் அறியத்தக்கது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இந்த ஆறு, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைந்து, பின்னர் காமராஜர் காலத்தில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. இங்கு வானம் தெளிவாக இருக்கும்போதும், எல்லைக்கு அப்பால் பெய்த மழையால் ஆற்றில் நீர்வரத்து திடீரென உயரும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஷட்டர் ஒன்று உடைந்து நீர் வெளியேறியதை நாம் மறந்திருக்க முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஓராண்டு மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்த்தது. நேற்று நீந்திய நீர்நிலை இன்று அதே நீர்நிலை அல்ல என்பதே இவற்றின் பாடம். அணைகளில் 'குளிக்கத் தடை' என்று எழுதியிருக்கும் பலகையை அதிகாரிகளின் சலிப்பாக எண்ணாமல், அனுபவத்தின் சுருக்கமாக எண்ண வேண்டும்.

நீரின் தூய்மை அடுத்த கேள்வி. கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் நுரை மலைபோல் பொங்கி நிற்கும் படங்கள் ஆண்டுதோறும் நாளேடுகளில் வருகின்றன. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் சீன் ஆற்றின் நீர்த்தரம் சரியில்லை என்பதற்காக ஆடவர் டிரையத்லான் போட்டி ஜூலை 30-இலிருந்து மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. உலகமே காத்திருந்தபோதும், ஆய்வகத்தின் சொல்லுக்கு அமைப்பாளர்கள் கட்டுப்பட்டனர். நாமோ மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிடுகிறோம். மழைக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாள்கள் சாக்கடையும் கால்நடைக் கழிவும் கலந்த நீர் ஏரிகளில் சேர்கிறது. வயிற்றுப்போக்கு முதல் எலிக்காய்ச்சல் வரை அதில் உண்டு. உடலில் ஆறாத புண் இருப்பவர்கள் அந்நாள்களில் இறங்கவே கூடாது.

அப்படியானால் தொடக்கநிலையாளர் என்ன செய்ய வேண்டும்? முதலாவது, மருத்துவப் பரிசோதனை. நாற்பதை நெருங்கியவர்கள் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் சோதித்துக்கொள்ளாமல் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, குளத்திலேயே சுவரைத் தொடாமல் திரும்பி நீந்தவும், நடுக்குளத்தில் நின்ற நிலையில் ஐந்து நிமிடம் மிதக்கவும், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கவும் பழக வேண்டும். அச்சம் வந்தால் மல்லாந்துகொள்வது என்பது கையெழுத்துப்போல் உடலில் பதிந்திருக்க வேண்டும். என் மாணவருக்கு ஒரு கிலோமீட்டர் நீந்தத் தெரிந்திருந்தது, இது தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது, ஒருபோதும் தனியாக இறங்கக் கூடாது. உடன் நீந்துபவர் ஒருவர், நீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கரையில் நிற்பவர் ஒருவர், பரிசலிலோ படகிலோ ஒருவர் என மூவர் இருப்பது முறை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கரையில் இருப்பவராகக் கணக்கில் வரமாட்டார்; கைக்கடிகாரத்தைப் பார்த்த நானும் வரமாட்டேன். நான்காவது, பளிச்சென்ற நிறத்தில் தொப்பியும், இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவையும் கட்டாயம். ஐந்தாவது, முதல் பல வாரங்கள் கரைக்கு இணையாக, நின்றால் தரை தட்டும் ஆழத்தில் மட்டுமே நீந்த வேண்டும். ஆறாவது, உள்ளூர் மீனவரிடம் கேட்காமல் எந்த நீரிலும் இறங்கக் கூடாது. எங்கே பள்ளம், எங்கே வலை, எங்கே இழுப்பு என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

போட்டி நாளன்று, நீரில் இறங்கிச் சில நிமிடங்கள் மெதுவாக நீந்தி உடலைப் பழக்கிய பிறகே தொடங்க வேண்டும். கூட்டத்தின் நடுவில் நின்றால் பிறர் கையும் காலும் முகத்தில் படும். ஓரத்திலோ பின்வரிசையிலோ நிற்பதில் இழிவில்லை. களைத்தால் கையை உயர்த்தலாம். பாதுகாப்புப் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம். முன்னேறாமல் பிடித்திருக்கும்வரை விதிகள் அதை அனுமதிக்கின்றன. இதை அறியாமல், தகுதியிழப்புக்கு அஞ்சிப் படகைத் தவிர்ப்போர் உண்டு.

கரையில் இருப்பவர்களுக்கும் சில சொற்கள். மூழ்குபவரைக் கண்டதும் பாய்வது வீரமாகத் தோன்றும். ஆனால், ஒருவரைக் காக்கப்போய் இருவர், மூவர் இறந்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். முதலில் கழி, கயிறு, துண்டு, காலி பிளாஸ்டிக் குடம் என மிதப்பதையோ எட்டுவதையோ நீட்டுங்கள், எறியுங்கள். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. இவை பொன்னான நிமிடங்களை வீணாக்குகின்றன. வாந்தி நுரையீரலுக்குள் செல்லவும் வழிசெய்கின்றன. மூச்சில்லாதவருக்கு முதல் தேவை மூச்சு. வாயோடு வாய் வைத்துச் சுவாசம் அளித்து, மார்பை அழுத்தி இதயத்தை இயக்க வேண்டும். ஒருவர் அதைச் செய்கையில் மற்றவர் 108-ஐ அழைக்க வேண்டும். இந்தப் பயிற்சியைப் பெற அரைநாள் போதும்.

என் துறை சார்ந்தும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மனிதர் தம் திறமையையும் தம் நல்வாய்ப்பையும் மிகையாகவே மதிப்பிடுகின்றனர் என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதினார். லாட்டரி வாங்குவோர் ஏராளம், காப்பீடு செய்வோர் சிலர் என்பதை அவர் சான்றாகக் காட்டினார். சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் மற்றொன்றைச் சுட்டினார்: பாதுகாப்புக் கருவி கிடைத்தவுடன் மனிதர் கூடுதல் துணிச்சல் கொள்கின்றனர், கருவியால் வந்த நன்மையில் ஒரு பகுதி அந்தத் துணிச்சலில் கரைந்துபோகிறது. மிதவை இருக்கிறது என்பதற்காக ஏரியின் நடுவுக்குச் செல்பவர் இதற்கு நல்ல உதாரணம். மிதவை உதவிக்கு, அனுமதிச் சீட்டு அல்ல.

கலங்கரை விளக்கத்தைப் பொதுப்பண்டம் என்று பொருளியல் பாடநூல்கள் கூறும். அதன் ஒளியை ஒரு கப்பலுக்குக் காட்டி மற்றொரு கப்பலுக்கு மறைக்க இயலாது. எனவே தனியாரின் விருப்பத்துக்கு விட்டால் அது போதிய அளவில் அமையாது. கரையில் நிற்கும் உயிர்காப்பாளரும் அத்தகைய பொதுப்பண்டமே. அவர் டிரையத்லான் வீரரை மட்டும் காப்பதில்லை. துணி துவைக்க வந்த பெண், மாடு குளிப்பாட்டும் சிறுவன், விடுமுறையில் குளிக்க வந்த கல்லூரி மாணவர் என அனைவரையும் காக்கிறார். இந்தியாவில் ஆண்டுதோறும் 35,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் சொல்கின்றன. உலக அளவில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐ.நா. அவை அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

ஆகவே, இது வசதி படைத்த சில நூறு பேரின் பொழுதுபோக்குச் சிக்கல் என்று ஒதுக்கக் கூடாது. அவர்களுடைய ஆர்வத்தை முன்னிட்டு மாவட்டத்துக்கே பயனளிக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்ய முடியும். பாதுகாப்பானது என ஆராய்ந்து கண்டறிந்த ஒரே ஒரு ஏரியை நீச்சல் பயிற்சிக்கென மாவட்ட நிர்வாகம் அறிவிக்கலாம். அதில் பள்ளங்களை அளந்து, எல்லையை மிதவைகளால் குறித்து, வாரம் ஒருமுறை நீரைச் சோதித்து முடிவைப் பலகையில் எழுதலாம். மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளித்து, ஊதியத்துடன் உயிர்காப்பாளர்களாக அமர்த்தலாம். அவர்களிடம் பரிசலும் உண்டு, கண்ணும் உண்டு. வார நாள்களில் அதே இடத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிக்கலாம். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அதில் அடங்கும். தொழிற்சாலைகள் நிறைந்த ஒசூருக்கு இந்தச் செலவு பொருட்டே அல்ல.

தமிழருக்கு நீச்சல் புதிதல்ல. 1954-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமியும், 1971-இல் அதை இருவழியும் கடந்த வல்வெட்டித்துறை குமார் ஆனந்தனும், 1994-இல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த குற்றாலீசுவரனும் நம் பெருமைக்குரியவர்கள். கால்வாய் நீச்சலில் துணைப்படகு இல்லாமல் எவரும் இறங்குவதில்லை. அத்தனை ஏற்பாடுகளுக்கிடையிலும், 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது குமார் ஆனந்தன் உயிரிழந்தார். வல்லவரின் துணைப்படகை அலட்சியம் செய்ய, நேற்றுப் பழகிய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

என் மாணவர் இப்போதும் நீந்துகிறார். மருந்து எடுத்துக்கொள்கிறார், மருத்துவர் அனுமதித்த பிறகே மீண்டும் நீரில் இறங்கினார். அந்த ஆண்டு போட்டிக்குச் செலுத்திய கட்டணத்தை இழந்தார். செலவழித்துவிட்டோமே என்பதற்காகத் தவறான முடிவைத் தொடரக் கூடாது என்று நான் வகுப்பில் நடத்திய பாடத்தை அவர் நினைவில் வைத்திருந்தார் என்பதில் எனக்கு ஆறுதல். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய குழு பயிற்சிக்குச் செல்லும்போது, அன்று அவரைக் காத்த அதே மீனவர் கூலி பெற்றுக்கொண்டு பரிசலில் உடன் வருகிறார். நானும் செல்கிறேன். கையில் கயிறு கட்டிய மிதவை ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.